பாலம் கட்டிய சுலோசன முதலியார்

பழவங்காடிப் பிள்ளையார் கோயிலிலிருந்து சாலைக் கடைத்தெரு வழியாகச் செல்பவர்கள் கிள்ளிப்பாலத்தைக் கடந்து சிறிது நேரத்தில் கரமனை ஆற்றை அடைவர். பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் நாகர்கோவில், வள்ளியூர், நாங்குநேரி, திருநெல்வேலி எனத் தத்தம் சொந்த ஊர்களுக்குப் பேருந்தில் செல்லும் உங்களுள் பலர் அந்த ஆற்றைப் பலமுறை கடந்திருப்பீர்கள். அங்குள்ள பழைய பாலம் திருவிதாங்கூர் அரசு 1853ஆம் ஆண்டில் கட்டியது. அதன் பொறியாளர் ஹார்ஸ்லி என்னும் ஆங்கிலேயர். சுவாதித் திருநாள் மன்னர் 1837ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் நிறுவிய வான்நோக்கு நிலையத்தின் கட்டடமும் அவர் கைவண்ணமே.

அதே ஹார்ஸ்லி, கரமனைப் பாலத்துக்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு, இதே சாலையின் மறுமுனையில் இன்னொரு பாலத்தைக் கட்டி முடித்தார். அது திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே தாமிரபரணியின் மேல் நிற்கும் பாலம். இரண்டுக்கும் பொறியாளர் ஒருவரே. ஆயினும் செலவு செய்தவர் வேறு வேறு. கரமனைப் பாலத்துக்கு அரசின் கருவூலம் பணம் தந்தது. தாமிரபரணிப் பாலத்துக்கோ தனி மனிதர் ஒருவர் தம் பணத்தைத் தந்தார். அவர் பெயர் சுலோசன முதலியார். அவர் வரலாற்றையே இப்பாடத்தில் காண்போம்.

ஒரு பாலத்துக்கு ஆகும் செலவை யார் ஏற்பது? இன்று இக்கேள்வி நம்முள் பெரும்பாலோர்க்கு எழுவதே இல்லை. நகராட்சி ஒன்று முதலில் தன் பணத்தைச் செலவிட்டுப் பாலம் கட்டினாலும், அச்செலவில் ஒரு பங்கை மாநில அரசோ நடுவண் அரசோ பின்னர்த் திருப்பித் தருவது உண்டு. ஊரார் செலவழித்ததை அரசு ஈடு செய்வது முறையே என்று நாம் எண்ணுகிறோம். ஏனெனில், அரசிடம் இருப்பது ஊரார் கொடுத்த வரிப்பணம். ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட 1840ஆம் ஆண்டில் இந்த எண்ணம் வேரூன்றியிருக்கவில்லை.

தாமிரபரணி பொதிகை மலையில் தோன்றும் ஆறு. அம்மலைத் தொடரின் மேற்குச் சரிவில் பிறப்பதே நம் கரமனை ஆறும். ஒரே மலைத்தொடரில் பிறந்து ஒன்று கிழக்கே மன்னார் வளைகுடாவையும் மற்றொன்று மேற்கே அரபிக் கடலையும் நாடுகின்றன. தாமிரபரணி ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறு. அதன் கரைகளில் கார், பிசானம் என இருபோகம் நெல் விளைந்தது. விளைச்சல் மிகுதியாதலின் நிலவரியும் மிகுதி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர்த் தேவைப்படும்.

ஆற்றின் ஒரு கரையில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி வளர்ந்த திருநெல்வேலி. மறுகரையில் கோட்டையும் படைவீரர் குடியிருப்பும் கொண்ட பாளையங்கோட்டை. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருந்த கொக்கிரகுளமும் அக்கரையிலேயே ஆற்றை ஒட்டி இருந்தது. இரண்டு ஊர்களுக்கும் இடைவெளி சில கல் தொலைவுதான். எனினும் நடுவே ஆறு கிடந்தது. வழக்குக்காகவும் வரி கட்டவும் அலுவலகம் செல்ல வேண்டியவர், நெல் மூட்டையை விற்க வந்தவர், கோயிலுக்கு வந்தவர், நோயாளியைத் தூக்கி வந்தவர் என அனைவரும் துறையில் படகுக்குக் காத்து நின்றனர். கோடையில் நீர் குறைந்தபோது வண்டிகள் மணலிலும் நீரிலும் இறங்கிக் கடந்தன. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து ஆறு பெருகினால் படகும் நின்றுவிடும். அக்கரையில் இருந்தவர் அக்கரையிலும் இக்கரையில் இருந்தவர் இக்கரையிலும் வெள்ளம் வடியும்வரை இருக்க வேண்டியதுதான்.

சுலோசன முதலியாரின் குடும்பம் நெல்லையின் பூர்வ குடி அன்று. அவருடைய முன்னோர் சென்னையைச் சூழ்ந்த தொண்டை நாட்டிலிருந்து தெற்கே வந்தவர்கள். வேலையின் பொருட்டு ஊர் விட்டு ஊர் வந்து, வந்த ஊரையே தம் ஊராகக் கொண்ட குடும்பங்களுள் அதுவும் ஒன்று. உங்கள் வீட்டுப் பெரியோர்களும் இப்படித்தானே பழவங்காடிக்கும் சாலைக்கும் கரமனைக்கும் வந்து சேர்ந்தனர்! அவருடைய தந்தை இராமலிங்க முதலியார் என்றும், 1799ஆம் ஆண்டில் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை முற்றுகையிட வந்தபோது கட்டபொம்மனிடம் தூது அனுப்பப்பட்டவர் அவரே என்றும் கூறுவர். கட்டபொம்மனுக்கும் கம்பெனிக்கும் பகை மூண்டதற்குக் காரணம் வரிதான் என்பதை நீங்கள் அறிவீர்கள். கம்பெனியின் தூதராகச் சென்ற தந்தையை நெல்லை மக்கள் அன்போடு நினைப்பதில்லை. மகனையோ இன்றும் மறக்கவில்லை. ஒரு குடும்பத்தின் இரண்டு தலைமுறைகளை ஊர் இவ்வாறு வேறு வேறாக நினைவில் வைத்திருப்பது வியப்பானது.

சுலோசன முதலியார் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராகப் பணியாற்றினார். சிரஸ்தார் என்பவர் அவ்வலுவலகத்து இந்திய அலுவலர்களுக்குத் தலைவர். ஆட்சியர் ஆங்கிலேயர், சில ஆண்டுகளில் மாறிவிடுவார். ஊரின் நில விவரம், வரிக்கணக்கு, வழக்குகள் ஆகியவற்றை நன்கறிந்து ஆட்சியருக்கு எடுத்துரைப்பவர் சிரஸ்தாரே. ஆட்சியருக்கு அடுத்த நிலையில் மக்கள் அஞ்சியதும் நம்பியதும் அவரைத்தான். மாவட்டத்திலிருந்து எவ்வளவு வரி திரண்டு சென்னைக்குச் சென்றது, அதிலிருந்து எவ்வளவு சாலைக்கும் குளத்துக்கும் திரும்பி வந்தது என்பன எல்லாம் அவருடைய மேசையின் மேல் கடந்து சென்ற கணக்குகள்.

திரும்பி வந்த தொகை சிறிது. அக்காலத்தில் சென்னை மாகாணத்தில் சாலை, பாலம், அணை ஆகியவற்றுக்குக் கம்பெனி ஒதுக்கிய பணம் மிகக் குறைவு. காவிரி, கொள்ளிடம், கோதாவரி ஆறுகளில் அணை கட்டிய ஆர்தர் காட்டன் போன்ற பொறியாளர்களே, வேலைக்குப் பணம் பெறுவதற்கு அரசோடு ஓயாமல் வாதாட வேண்டியிருந்தது. செலவு மிகுந்த திட்டமாயின் மாவட்ட ஆட்சியர் தாமே முடிவு செய்ய இயலாது. சென்னைக்கு எழுத வேண்டும். சென்னையிலிருந்து மேலிடத்துக்குச் செல்ல வேண்டும். கடிதம் கப்பலில் இலண்டன் போய்த் திரும்பி வரப் பல மாதங்கள் ஆகும். வந்த மறுமொழியும் வேண்டியபடி அமையும் என்ற உறுதி இல்லை.

1840ஆம் ஆண்டில் தாம்சன் என்பவர் திருநெல்வேலியின் ஆட்சியராக இருந்தார். தாமிரபரணியில் பாலம் வேண்டும் என்ற எண்ணம் அவர் காலத்தில் உருப்பெற்றது. மதிப்பிடப்பட்ட செலவு ஏறத்தாழ 50,000 ரூபாய். அரசு தராது, எனவே மக்களிடம் நன்கொடை திரட்டுவது என்று முடிவாயிற்று. ஐம்பதாயிரம் என்பது இன்று உங்களுக்குப் பெரிய தொகையாகத் தோன்றாமல் இருக்கலாம். அன்றைய கூலியாளுக்கு நாள் ஒன்றுக்கு இரண்டு அணா கூலி என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. அப்படியாயின் ஒரு ரூபாய் என்பது எட்டு நாள் கூலி. 50,000 ரூபாய் என்பது நான்கு இலட்சம் நாள் கூலி ஆகும்! வரியும் கட்டி, வாழ்க்கையும் நடத்தும் மக்களிடம் இத்தொகையை வீடு வீடாகக் கேட்டுத் திரட்டும் பொறுப்பும் சிரஸ்தாரின் தலையிலேயே விழுந்தது.

இதன்பின் நடந்ததை நெல்லை மக்கள் வழிவழியாக ஒரு கதைபோலச் சொல்லி வருகின்றனர். ஏற்கெனவே வரிச்சுமை தாங்கும் ஏழை எளியவரிடம் மேலும் கேட்க முதலியாருக்கு மனம் வரவில்லையாம். கவலையோடு வீட்டுக்கு வந்தவர் தம் மனைவி வடிவாம்பாளிடம் அதைச் சொன்னாராம். அவ்வம்மையார் தம் நகைகளைக் கழற்றித் தந்தாராம். மறுநாள் முதலியார் பொற்காசுகளையும் நகைகளையும் வெள்ளித் தட்டில் வைத்து ஆட்சியர் முன் நீட்டினாராம். வெள்ளித் தட்டும் கழற்றிய நகைகளும் கதை சொல்பவர் சேர்த்த அழகாகவும் இருக்கலாம். ஆனால் பாலத்தின் செலவைச் சுலோசன முதலியார் ஏற்றார் என்பதற்குக் கதை தேவையில்லை. பாலத்தருகே நிற்கும் கல்வெட்டுத் தூணே அதற்குச் சான்று.

அவர் அப்பணத்தைக் கடனாகத் தரவில்லை. அரசு பின்னர்த் திருப்பித் தரும் என்ற உடன்பாடும் இல்லை. அரசு செய்ய வேண்டிய செலவை அரசின் ஊழியர் ஒருவர் தம் கையிலிருந்து செய்தார். அரசு அதை ஏற்றுக்கொண்டது.

பாலத்தின் வேலையை ஹார்ஸ்லி நடத்தினார். பாலத்தின் நீளம் 760 அடி. அகலம் இருபத்தொன்றரை அடி. ஒவ்வொன்றும் 60 அடி அகலமுள்ள 11 வளைவுகள். இவ்வளவு பெரிய பாலத்தில் இரும்பும் காங்கிரீட்டும் இல்லாதது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். வளைவின் வலிமையே அதற்கு விடை. முதலில் ஆற்றின் அடியில் தோண்டித் தூண்களுக்கு உறுதியான அடித்தளம் இட வேண்டும். தூணுக்கும் தூணுக்கும் இடையே வளைந்த மரச்சாரம் கட்டி, அதன் மேல் இரு பக்கங்களிலிருந்தும் வரிசை வரிசையாக அடுக்கிக்கொண்டு வர வேண்டும். உச்சியின் நடுவில் இறுதிக் கல் இறுகப் பொருந்தியதும் சாரத்தை அகற்றுவர். அதன்பின் மேலிருந்து பாரம் அழுத்தினாலும் கற்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்குமேயன்றி விழா. அக்காலக் கொத்தர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கருப்பட்டி நீரும் கடுக்காய் நீரும் கலந்து அதை இறுகச் செய்வர். ஆற்றில் நீர் குறைந்த மாதங்களில்தான் அடித்தள வேலை நடக்கும். வெள்ளக் காலத்தில் கை கட்டிக் காத்திருக்க வேண்டும். ஆகவேதான் பாலம் முடிய மூன்று ஆண்டுகள் ஆயின.

1843ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பாலம் திறக்கப்பட்டது. அன்று பாலத்தின் மேல் முதலில் நடந்தவர் ஆட்சியர் அல்லர், சுலோசன முதலியாரே என்று நெல்லையில் பெருமையோடு சொல்வர். பாலத்துக்கு அவர் பெயரே வழங்கலாயிற்று. ஆங்கில ஆட்சிக் காலத்தில் பாலங்களுக்கும் சாலைகளுக்கும் ஆளுநர், தளபதி ஆகியோரின் பெயர்களை இடுவதே பெருவழக்கு. உள்ளூர் அலுவலர் ஒருவரின் பெயர் இவ்வளவு பெரிய பாலத்துக்கு நிலைத்தது அரிய செய்தியாகும்.

இப்பாலம் இலண்டனில் தேம்சு ஆற்றின் மேல் இருந்த வாட்டர்லூ பாலத்தைப் பார்த்து அமைக்கப்பட்டது என்பர். வடிவம் எவ்வளவு ஒத்திருந்ததோ, பணம் வந்த வழி முற்றிலும் மாறுபட்டது. 1817ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட வாட்டர்லூ பாலத்தை ஒரு தனியார் நிறுவனம் கட்டியது. பாலத்தைக் கடப்பவர் ஒவ்வொருவரிடமும் சுங்கம் வாங்கி, போட்ட பணத்தை எடுக்கலாம் என்று அந்நிறுவனத்தார் எண்ணினர். சுங்கம் கொடுக்க விரும்பாத மக்களோ சற்றுத் தள்ளியிருந்த இலவசப் பாலங்கள் வழியாகச் சென்றுவிட்டனர்! எதிர்பார்த்த வருவாய் கிடைக்கவில்லை. இறுதியில் இலண்டன் மாநகரப் பொதுப்பணி வாரியம் நிறுவனத்தாருக்குப் பணம் கொடுத்துப் பாலத்தை வாங்கி, 1878ஆம் ஆண்டில் சுங்கத்தை ஒழித்தது. அங்கே பாலம் கட்டியவர்களுக்குப் பொது அமைப்பு ஒன்று பணத்தைத் திருப்பித் தந்தது. இங்கே அப்படி ஒரு பேச்சே எழவில்லை.

தம் பணத்தில் பாலம் கட்டியவர் சுலோசன முதலியார் ஒருவரே அல்லர். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னரே, சென்னையில் வாணிகம் செய்த கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனியர் 1726ஆம் ஆண்டில் அடையாற்றின் மேல் சைதாப்பேட்டையில் பாலம் கட்டினார். அவரும் வேறு நாட்டிலிருந்து வந்து சேர்ந்தவரே. பாலத்தைக் கட்டியதோடு நில்லாமல், பிற்காலத்தில் அதைப் பழுது பார்ப்பதற்கென்று தனியே ஒரு தொகையையும் அவர் ஒதுக்கி வைத்தார். கட்டுவதற்குக் கொடையாளர் கிடைப்பார். பேணுவதற்குக் கிடைப்பது அரிது என்பதை அந்த வணிகர் அறிந்திருந்தார் போலும். அப்பாலம் இருந்த இடத்தில் இப்போது மறைமலையடிகள் பாலம் உள்ளது.

சுலோசன முதலியாரின் கொடையைப் போற்றும்போதே நாம் மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இருபோகம் விளையும் தாமிரபரணிக் கரையிலிருந்து ஆண்டுதோறும் நிலவரியைத் திரட்டிய கம்பெனியிடம் ஒரு பாலத்துக்கு வேண்டிய பணம் இல்லாமற் போகவில்லை. கொடுக்கும் மனமே இல்லை. கொடையாளர் இருக்கும் ஊருக்குப் பாலம் வரும். கொடையாளர் இல்லாத ஊரார் படகுத் துறையிலேயே நிற்க வேண்டியிருக்கும். தென்மாவட்டத்து எத்தனையோ சிற்றாறுகளின் கரைகளில் அன்று அப்படி நின்றவர்கள் பலர். அவர்களுக்குச் சிரஸ்தார் ஒருவர் வாய்க்கவில்லை.

இந்நிலை மெல்ல மாறியது. 1858ஆம் ஆண்டில் கம்பெனியின் ஆட்சி முடிந்து, ஆட்சி நேரடியாகப் பிரிட்டிஷ் அரசின் கைக்குச் சென்றது. 1866ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் சாலைகளுக்கென்று தனி வரி ஒன்று சட்டமாயிற்று. நிலத்தின் வருவாயில் ரூபாய்க்கு அரை அணா வரை அதன் அளவு. 1871ஆம் ஆண்டில் மற்றொரு சட்டம் வந்து, அது ரூபாய்க்கு ஓர் அணா வரை உயர்ந்தது. சுங்கச் சாவடி வைக்கவும் அச்சட்டம் இடம் தந்தது. திரளும் பணத்தை அந்தந்த வட்டாரத்துச் சாலை, பாலம், பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றுக்குச் செலவிட உள்ளூர் நிதி வாரியங்கள் அமைக்கப்பட்டன. இப்போதும் கொடுத்தவர்கள் மக்களே. ஆனால் ஒருவர் தலையில் விழுந்த சுமை ஊர் முழுவதற்கும் பங்கிடப்பட்டது. ஊர் கொடுத்த பணம் ஊருக்கே திரும்பி வரும் வழியும் சட்டத்தில் எழுதப்பட்டது.

புதிய ஏற்பாடுகள் உருவாகிக்கொண்டிருந்த அதே காலத்தில் தாமிரபரணி தன் வலிமையைக் காட்டியது. 1869ஆம் ஆண்டில் பெருவெள்ளம் வந்து சுலோசன முதலியார் பாலத்தின் ஒரு பகுதியைச் சிதைத்தது. கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பாலத்தில் நடந்து பழகிய மக்கள் மீண்டும் படகை நாட வேண்டியதாயிற்று. பக்கிள் என்பவர் ஆட்சியராக இருந்த காலத்தில் பாலம் சீரமைக்கப்பட்டு 1871ஆம் ஆண்டில் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. முதலியாருக்கு அவர் கொடுத்த பணம் திரும்பி வரவில்லை.

திருநெல்வேலிக்குச் செல்லும்போது சிலர் ஈரடுக்கு மேம்பாலத்தைக் காட்டி அதுவே முதலியார் பாலம் என்பர். அது வேறு, இருப்புப் பாதையின் மேல் பிற்காலத்தில் கட்டப்பட்டது. சுலோசன முதலியார் பாலம் ஆற்றின் மேல், கொக்கிரகுளத்தை ஒட்டி உள்ளது. மாட்டு வண்டிகளுக்கென்று கட்டிய இருபத்தொன்றரை அடி அகலம் பேருந்துகளுக்குப் போதாமையால் இருபதாம் நூற்றாண்டில் அது அகலப்படுத்தப்பட்டது. போக்குவரத்து மேலும் பெருகவே, அண்மையில் அதன் பக்கத்திலேயே புதிய பாலம் ஒன்றையும் அரசு கட்டியுள்ளது. பழைய பாலத்தின் வளைவுகளை மேலே பேருந்தில் அமர்ந்தபடி காண இயலாது. ஆற்றங்கரைப் படித்துறையில் இறங்கி நின்றால், நீரில் நிழல் விழும் வளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

பயிற்சி

1. பாலத்தின் 11 வளைவுகளும் சேர்ந்து எத்தனை அடி நீளம்? மொத்த நீளத்தில் தூண்களும் கரையை முட்டும் பகுதிகளும் எடுத்துக்கொண்டது எவ்வளவு?

2. கொடை, சுங்கம், வரி ஆகிய மூன்று வழிகளில் பாலத்துக்குப் பணம் வருவதைப் பாடத்தில் கண்டீர்கள். ஒவ்வொன்றிலும் யார் பணம் கொடுக்கிறார், யாருக்கு அது திரும்பி வருகிறது என்பதை உம் சொந்த நடையில் எழுதுக.

3. உம் குடும்பத்தாரின் சொந்த ஊருக்கு அருகில் உள்ள பாலம் ஒன்றைப் பற்றி வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, பாலம் வருவதற்கு முன் மக்கள் ஆற்றை எவ்வாறு கடந்தனர் என்பதைப் பத்து வரிகளில் எழுதுக.